ஒரு பல்லின் கணக்கு

பாட்டனார் ஓட்டிய மோட்டார்ச் சைக்கிள் பேரனின் கைக்கு வரும்போது, அதனுடன் ஒரு மனக்குறையும் சேர்ந்தே வந்துவிடுகின்றது. “வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் எழும்ப மறுக்கிறது” என்பதே அக்குறை. சந்தியிற் பச்சை விளக்கு எரிந்தவுடன், அருகில் நின்ற புதிய வண்டிகள் பாய்ந்து செல்ல, இவருடைய பி. எஸ். ஏ. மட்டும் ஆறுதலாக அசைந்து புறப்படுகின்றது. அடுத்த நாளே கராஜுக்குச் சென்று, “கியரை மாற்றிக் கட்டித் தாருங்கள்” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. கேட்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள.

எஞ்சினின் சுழற்சி நேரே பின்சில்லை அடைவதில்லை. எஞ்சின் அச்சிலுள்ள சிறிய பற்சில்லு, ஒரு சங்கிலியாற் கிளச்சைச் சுழற்றுகின்றது. அங்கிருந்து சுழற்சி கியர்ப்பெட்டிக்குட் சென்று, அதன் வெளிப்புறத்துப் பற்சில்லின் வழியாக, இரண்டாவது சங்கிலியினாற் பின்சில்லைச் சேர்கின்றது. கராஜுகளில் ‘ஸ்புரொக்கெட்’ என வழங்குவது இப்பற்சில்லையே. இவற்றுள் ஒன்றின் பற்களைக் கூட்டினாலோ குறைத்தாலோ, எஞ்சின் எத்தனை முறை சுழலப் பின்சில்லு ஒரு முறை சுழலும் என்னும் விகிதம் மாறிவிடும்.

ஓர் உதாரணம் காண்போம். மேற்கியரில் எஞ்சின் 5 முறை சுழலப் பின்சில்லு ஒரு முறை சுழல்கின்றது என்றும், எஞ்சின் பற்சில்லில் 18 பற்கள் உள்ளன என்றும் கொள்க. அதனைக் கழற்றி 16 பற்களுடைய ஒன்றைப் பூட்டினால், விகிதம் 5.625 ஆகின்றது. ஒவ்வொரு கியரிலும் பின்சில்லு வண்டியைத் தள்ளும் விசை எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 12.5 வீதம், கூடுகின்றது. புறப்படும்போது ஆர்முடுகலும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். இளைஞர் விரும்பியது கைகூடிற்று.

இனிச் செலவைப் பார்ப்போம். பின்சில்லின் சுற்றளவு 2.05 மீற்றர் எனில், நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் முன்னர் மணிக்கு 98 கிலோமீற்றர் ஓடிய வண்டி, இப்போது 87 கிலோமீற்றரே ஓடும். முன்னர் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு 3,250 சுழற்சி போதுமாயிருந்தது. இப்போது 3,660 வேண்டும். பி. எஸ். ஏ. நிறுவனத்தார் 1937 முதல் 1955 வரை செய்த எம். 20 என்னும் வண்டியின் எஞ்சினை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் மேலும் கீழும் 94 மில்லிமீற்றர் ஓடுவது. மேற்சொன்ன மாற்றத்தின் பின் ஒரு மணித்தியாலம் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், எஞ்சின் 24,000க்கு மேற்பட்ட சுழற்சிகளைக் கூடுதலாகச் செய்யும். பிஸ்டன் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் தூரம் கூடுதலாக உராயும். அவ்வுராய்வைத் தாங்கவேண்டியது அரை நூற்றாண்டுக்கு மேல் வயதுடைய உலோகம் என்பதை மறத்தலாகாது.

விசை வேறு, வலு வேறு என்பதும் மனத்திற் கொள்ளத்தக்கது. எம். 20 எஞ்சின் தருவது 13 குதிரைவலு. பற்களை எவ்வாறு மாற்றினும் அது பதினான்கு ஆகாது. முதற்கியரில் வண்டி வேகமாக எழும்பும். ஆனால் அக்கியர் விரைவிலேயே தீர்ந்துபோக, இரண்டாவதற்கு முன்னரே மாறவேண்டிவரும். ஆகையால் ஓய்விலிருந்து 80 கிலோமீற்றர் வேகத்தை அடையும் நேரத்திற் கிடைக்கும் இலாபம், முதற் பத்து யாரில் உண்டாகும் உற்சாகத்தைக் காட்டிலும் மிகச் சிறியதே.

அப்படியாயின் பற்களை மாற்றுவதே பிழையோ எனின், அன்று. பழைய ஆங்கில நிறுவனங்கள் தாமே இவ்வழியைத் திறந்து வைத்திருந்தன. பக்கத்திற் சைட்கார் பூட்டி, மனைவி மக்களை ஏற்றிச் செல்வோருக்கென, பற்கள் குறைந்த எஞ்சின் பற்சில்லைத் தனியே விற்றனர். பாரம் கூடியபோது வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கினர். ஆதலின் எவ்விகிதம் நல்லது என்னும் வினாவுக்கு விடை, வண்டி எங்கே, எதனைச் சுமந்து ஓடப்போகின்றது என்பதில் இருக்கின்றது. கடுகண்ணாவை ஏற்றத்திலும் நுவரெலியாவின் வளைவுகளிலும் ஓடும் வண்டிக்குப் பற்கள் குறைவது நன்மை. மேடு பள்ளமில்லாத குடாநாட்டுத் தெருக்களில் ஓடி, இடையிடையே ஏ9 வீதியிற் கண்டி வரை செல்லும் வண்டிக்கு, தொழிற்சாலையார் அமைத்த விகிதமே பெரும்பாலும் பொருத்தமானது.

இன்னுமொன்று. வண்டி எழும்பாமைக்குக் காரணம் கியர்தானா என முதலில் உறுதி செய்க. வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, நியூற்றலில் வைத்து, பின்சில்லைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழலாவிட்டால் பிறேக் உரசுகின்றது, அல்லது சங்கிலி இறுகியிருக்கின்றது. அக்சிலறேற்றரைத் திருகும்போது இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளச் வழுக்குகின்றது. தீப்பொறி பிந்திப் பாய்ந்தாலும், காபரேற்றர் தேய்ந்திருந்தாலும், ரயரிற் காற்றுக் குறைந்தாலும் வண்டி சோம்பும். இக்குறைகளை வைத்துக்கொண்டு பற்களை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை தைப்பது போலாம்.

இவற்றையெல்லாம் சீர்செய்த பின்னரும் மாற்றம் வேண்டுமெனில், ஒரு பல்லோடு நிறுத்துக. 18 பற்களை 17 ஆக்கினால் விசை ஏறத்தாழ 6 வீதம் கூடும். வண்டியின் குணம் கெடாது. பல பழைய வண்டிகளிற் பின்சில்லின் பற்சில்லு பிறேக் பீப்பாவுடன் ஒன்றாக வார்க்கப்பட்டிருத்தலால், அதை வெட்டி வேறொன்றை ஒட்ட முயல்வது பேராபத்து. முன்புறத்து மாற்றமே எளிது. கியர்ப்பெட்டியின் வெளிப் பற்சில்லைச் சிறிதாக்கினால், அப்பெட்டியிலிருந்து ஓடும் வேகமானி உண்மைக்கு மேலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க. சங்கிலி நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் நீண்டிருப்பின் அதனையும் மாற்றவேண்டும். தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும் தின்றுவிடும்.

பிறேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பற்கள் குறைந்தால், அக்சிலறேற்றரை விடும்போது எஞ்சினே வண்டியைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்திழுக்கும், அது நன்மையே. எனினும் அக்காலத்து பீப்பாப் பிறேக், இக்காலத்து டிஸ்க் பிறேக்குக்கு நிகராகாது. வேகம் இரட்டித்தால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். பச்சை விளக்கில் முந்தத் தெரிந்த இளைஞர், அடுத்த சிவப்பு விளக்கில் நிற்கவும் வேண்டுமல்லவா? பின்னால் தாயோ தங்கையோ அமர்ந்திருக்கும் வேளைகளும் உண்டு.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்வேன். மகன் இவ்வாசையைச் சொன்னால் உடனே கடிந்து மறுக்க வேண்டாம். தாளும் பென்சிலும் கொடுத்து, பற்களை எண்ணச் செய்து, மேற்காட்டிய கணக்கை அவனையே செய்யச் சொல்லுங்கள். விகிதசமத்தை வகுப்பில் வெறுத்த பிள்ளையும் இங்கே விருப்போடு கற்பான். கணக்கின் முடிவில் மாற்றமே வேண்டாமென அவன் தானாகவே தீர்மானித்தல் கூடும். மாற்றினாலோ, கழற்றிய பழைய பற்சில்லை எறிந்துவிடாமல், கிறீஸ் பூசி, துணியிற் சுற்றி, பெயரெழுதி அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அவ்வண்டி அவனுக்குப் பின்னும் ஒருவர் கைக்குச் செல்லவிருக்கின்றது.