ஓடும் கால்களுக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனை நிறுத்தி, இன்ன ஊரைக் கடந்து இன்ன காட்டைத் தாண்டி இன்னாரிடம் செல்க என்று வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இவ்வகையைச் சேர்ந்தவை. வழியறிந்தவன் அறியாதவனுக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் அவற்றின் அடியில் இருக்கிறது. அமெரிக்கப் புறநகரொன்றில் குடியேறி, மருத்துவரின் அறிவுரையாலோ மாரத்தான் ஆசையாலோ ஓடக் கிளம்பும் நம்மவர்களுக்குத் தேவைப்படுவதும் அத்தகைய ஒன்றுதான். கைபேசிச் செயலிகள் தடங்களை வரிசை வரிசையாகக் காட்டுகின்றன. ஆனால் அத்தடம் ஏன் அங்கே இருக்கிறது, யாரால் வந்தது, நாளையும் இருக்குமா என்பவற்றை அவை சொல்வதில்லை. இக்கேள்விகளை ஒதுக்கிவிட்டு ஒரு பாதையைக் கண்டடைந்ததாக நாம் சொல்லிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் இடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே, டூபேஜ் கவுண்டி இருக்கிறது. வீட்டன், லைல், டவுனர்ஸ் குரோவ் முதலிய ஊர்கள் இதில் அடங்கும். நேப்பர்வில்லின் பெரும்பகுதியும் அரோராவின் ஒரு பகுதியும் இதற்குள் வரும். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 9,33,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் கணிசமானவை. புதிதாக வந்து சேர்பவர் முதல் வாரத்திலேயே ஒன்றை உணர்ந்துவிடுவார்: ஊர் கார்களுக்காகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. குடியிருப்புத் தெருக்கள் வளைந்து வளைந்து சென்று முட்டுச்சந்தில் முடிகின்றன. பின்வேலிக்கு அப்பால் தெரியும் வீட்டை அடையத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போகவேண்டும். நடைபாதை சில இடங்களில் காரணமேதுமின்றி நின்று புல்லாகிவிடுகிறது. குடியிருப்பை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், மணிக்கு 45 மைல் வேகத்தில் வண்டிகள் பாயும் நான்குவழிச் சாலை. ஓட நினைத்தவர் அதே தெருவை எட்டு முறை சுற்றிச் சலித்து, அடுத்த மாதம் உடற்பயிற்சிக்கூடத்தில் சந்தா கட்டி, டிரெட்மில்லின் மேல் ஏறிவிடுகிறார்.

இத்தனைக்கும் இதே கவுண்டியில் 1915இல் நிறுவப்பட்ட வனக் காப்பக அமைப்பு இன்று 25,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைப் பேணி வருகிறது. கவுண்டியின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! அந்நிலங்களினூடே நூற்றுக்கும் மேற்பட்ட மைல் நீளத்துக்குத் தடங்கள் செல்கின்றன. பிறகு ஏன் கண்ணில் படுவதில்லை? நாம் சாலை வழியாகவே ஊரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம் என்பதே காரணம். வீடு கட்ட முடியாமற்போன நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புறநகரில் பாதை தேடுவதற்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை.

முதலில் நீர். வெள்ளம் ஏறும் கரையில் வீடு நிலைக்காது. டூபேஜ் ஆற்றின் கிழக்குக் கிளை, மேற்குக் கிளை, சால்ட் கிரீக் என்னும் ஓடை ஆகிய மூன்றும் வடக்கிலிருந்து தெற்காக இக்கவுண்டியை ஊடுருவுகின்றன. அவற்றின் கரைகளைத் தொடர்ந்து சென்றால் வனக் காப்பகங்கள் எதிர்ப்படும். ஃபுல்லர்ஸ்பர்க் காடு சால்ட் கிரீக்கின் கரையில் உள்ளது; பிளாக்வெல் காப்பகம் மேற்குக் கிளையை ஒட்டி உள்ளது. ஆறு என்ற ஒரே சொல்லுக்கு நதி என்றும் வழி என்றும் பொருள் கண்டவர்களின் வழிவந்த நமக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, கைவிடப்பட்ட நிலம். பிளாக்வெல்லில் ஹோய் மலை என்று ஒன்று உண்டு. தட்டையான இச்சமவெளியில் ஏற்றப் பயிற்சி செய்ய விரும்புவோர் நாடிச் செல்லும் அம்மலை, 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை கொட்டப்பட்ட குப்பையை மண்ணிட்டு மூடி எழுப்பப்பட்டது. கவுண்டியின் தென்கிழக்கில் வாட்டர்ஃபால் கிளென் இருக்கிறது. ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சுற்றி அரணாகக் கிடந்த ஏறத்தாழ 2,200 ஏக்கர் நிலம் உபரியெனக் கருதப்பட்டு, 1973இல் நடுவண் அரசால் வனக் காப்பகத்துக்கு வழங்கப்பட்டது. இன்று ஆய்வுக்கூடத்தை ஒரு முழு வட்டமாகச் சுற்றிவரும் தடம் ஏறத்தாழ ஒன்பதரை மைல். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு நல்ல பயிற்சிக் களம். பெயரைக் கேட்டு அருவியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அப்பெயர், காப்பக அமைப்பின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான சீமோர் வாட்டர்ஃபால் என்பவருடையது. அங்கே சிற்றருவி ஒன்றும் இருக்கிறது. அதுவும் 1930களில் வேலையற்ற இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தின்கீழ் மனிதக் கைகளால் கட்டப்பட்டது.

மூன்றாவது இரும்பு. நம் கருத்தில் மற்ற இரண்டையும்விட முக்கியமானது இதுவே. சிகாகோவையும் அரோராவையும் எல்ஜினையும் இணைத்து 1902 முதல் ஒரு மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டனில் அது இரு கிளைகளாகப் பிரியும். நகரத்துக்குள் புதிய விரைவுச்சாலை கட்டும் பணிக்காக 1953இல் அந்த ரயில் நகரத்துக்கு வெளியே, ஃபாரஸ்ட் பார்க்கிலேயே நின்றுவிட நேர்ந்தது. இடையில் வண்டி மாற வேண்டிவந்ததால் பயணிகள் குறைந்தனர். 1957 ஜூலை 3 அன்று நண்பகலில் பயணிகள் சேவை சட்டென்று நிறுத்தப்பட்டது. காலையில் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போனவர்களுக்கு மாலையில் வீடு திரும்ப ரயில் இல்லை. இரண்டாண்டுகளில் சரக்கு வண்டிகளும் நின்றன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபின், ஊர்களுக்கு நடுவே நீண்டதொரு வெற்றுப்பட்டை எஞ்சியது.

அந்தப் பட்டையைப் பாதையாகக் கண்டவர் மே தீல்கார்ட் வாட்ஸ் என்னும் அம்மையார். லைலில் உள்ள மார்ட்டன் மரத்தோட்டத்தில் இயற்கையியலாளராகப் பணியாற்றியவர். நிலக்காட்சியை ஒரு நூலைப்போல வாசிப்பது எப்படி என்று அவர் எழுதிய புத்தகம் 1957இல், ரயில் நின்ற அதே ஆண்டில், வெளிவந்திருந்தது. 1963 செப்டம்பர் 30 அன்று சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் ஆசிரியருக்குக் கடிதமாக அவர் எழுதியது வெளியாயிற்று. பழைய ரயில்நிலத்தைக் கால்நடையாகச் செல்வோருக்கான நெடும்பாதையாக்க வேண்டும், தாமதித்தால் அது துண்டு துண்டாகப் போய்விடும் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது எழுபது. கடிதத்தைத் தொடர்ந்து ஆர்வலர்கள் கூடினர். அமைப்பு ஒன்று உருவாயிற்று. 1966இல் கவுண்டி தன் எல்லைக்குட்பட்ட நிலத்தை அதற்குக் குத்தகைக்குத் தந்தது. இன்று இலினாய் பிரெய்ரி பாதை எனப்படும் அத்தடம் மூன்று கவுண்டிகளினூடே 60 மைல்களுக்கு மேல் நீள்கிறது. பின்னாளில், 1983இல், கைவிடப்படும் ரயில்நிலங்களைப் பாதையாக வைத்துக் காப்பதற்கு நடுவண் சட்டமே வழிசெய்தது. அமெரிக்கா முழுவதும் இப்படி மாறிய ரயில்நிலங்கள் இன்று 25,000 மைல்களைத் தாண்டிவிட்டன. இருப்புப் பாதை என்று நாம் பெயரிட்டோம். இரும்பு போனபின் பாதை மட்டும் தங்கியிருக்கிறது.

இவ்வரலாறு தெரிந்தால் ஓட்டம் வேகமாகிவிடுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆகாது. ஆனால் இப்போது இல்லாதது எது என்பது விளங்கும். பெரும்பாலோர் இப்பாதைகளுக்குக் காரில் செல்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு ஓடி, மீண்டும் காரில் திரும்புகிறார்கள். ரயிலைத் தோற்கடித்த அதே கார், ரயில் ஓடிய தடத்தில் நாம் ஓடுவதற்கும் தேவைப்படுகிறது! கார் ஓட்டாத முதியவர்களுக்கும், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த பெற்றோருக்கும், பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் பாதை அரை மைலில் இருந்தும் எட்டாத் தொலைவே. இன்னொன்று, நேரம். வனக் காப்பகங்கள் சூரியோதயத்துக்கு ஒருமணி நேரம் கழித்துத் திறந்து, அஸ்தமனத்துக்கு ஒருமணி நேரம் கழித்து மூடப்படுபவை. டிசம்பர் மாதத்தில் இங்கே மாலை 4:20 அளவில் சூரியன் மறைந்துவிடும். காலை எட்டேகாலுக்குமுன் திறவாத, மாலை ஐந்தரைக்குள் மூடிவிடுகிற ஓரிடத்தில், அலுவலகம் செல்பவர் வார நாட்களில் எப்போது ஓடுவது? விலங்குகளுக்கு இரவும் இருளும் தேவை என்ற நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆகவேதான் காப்பகத்துக்கு வெளியே, வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பாதையும் விளக்குள்ள நடைபாதையும் வேண்டுமென்கிறோம்.

இவை தாமாக வரமாட்டா. வீடு வாங்கும்போது பள்ளியின் தரத்தையும் கோவிலின் தூரத்தையும் விசாரிக்கும் நாம், தடம் அருகிலிருந்தால் அதை வீட்டின் விலைமதிப்பில் ஓர் அம்சமாகக் கணக்கிட்டு மகிழ்வதோடு சரி. காப்பக அமைப்பின் தலைவரும் உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் என்பதோ, அவர்கள் கூட்டங்களில் எவரும் எழுந்து பேசலாம் என்பதோ நம்மில் பலர் அறியாதது. குடியுரிமை இல்லை, வாக்கு இல்லை, நமக்கென்ன பேச்சு என்று ஒதுங்குவோர் உண்டு. சொத்துவரி குடியுரிமை பார்த்து வருவதில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகையின் வழியே அதைச் செலுத்துகிறார்கள். காப்பகம் அவ்வரியில் நடக்கிறது. கடிதம் எழுதவும் வாக்குரிமை தேவையில்லை. மே வாட்ஸ் எந்தப் பதவியிலும் இருந்து அதை எழுதவில்லை. நாளிதழின் வாசகராக எழுதினார்.

ஆகவே நம் ஆற்றுப்படை இவ்வளவே. ஓடைகளையும் பழைய ரயில் வரைபடத்தையும் பாருங்கள், பாதை தென்படும். கண்டபின் அடுத்தவருக்குச் சொல்லுங்கள், குறிப்பாகப் புதிதாக வந்தவருக்கு. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுக்காமல் உங்கள் வாசலிலிருந்தே அத்தடத்தை நோக்கி நடந்து செல்லுங்கள். நடைபாதை எந்த இடத்தில் நிற்கிறது, எந்தச் சாலையைக் கடக்கக் குறியீடு இல்லை என்று குறித்துக்கொண்டு, அதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் உங்கள் நகராட்சிக்கு எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.