கொல்லாத வேட்டை

வேட்டை இருவகைப்படும். ஒன்று விலங்கின் உயிரைக் கவர்வது. மற்றொன்று அதன் உருவத்தை மட்டும் கவர்வது. முன்னதற்குத் துப்பாக்கி வேண்டும். பின்னதற்குப் புகைப்படக் கருவி போதும். இவ்விரு வகை வேட்டையையும் கண்ட நிலம் ஒன்று அமெரிக்க நாட்டின் வட டகோட்டா மாநிலத்தில் உள்ளது. அதுவே தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா.

பூங்கா என்றதும் மலர்ச்செடிகளும் நீரூற்றுகளும் நினைவிற்கு வரலாம். இப்பூங்கா அத்தகையதன்று. பரந்த புல்வெளியின் நடுவே, லிட்டில் மிசௌரி ஆறும் மழையும் காற்றும் நெடுங்காலமாக அரித்து உருவாக்கிய கரடுமுரடான நிலம் அது. கடந்து செல்வதற்கு அரியதாய் இருந்தமையால் அந்நிலத்தைத் 'தீய நிலம்' என்று முன்னையோர் அழைத்தனர். ஆயினும் அதன் அழகு தனியழகு. குன்றுகளின் பக்கங்களில் சாம்பல் நிறக் களிமண்ணும் கரிய நிலக்கரியும் வரிவரியாகப் படிந்துள்ளன. இடையிடையே செந்நிற அடுக்குகளும் தோன்றும். நிலக்கரி தீப்பற்றி எரிந்தபோது, அதன் மேலிருந்த களிமண் சூளையிலிட்ட செங்கல்போல் வெந்து சிவந்தது. 1951 முதல் 1977 வரையிலும் அங்கே ஒரு நிலக்கரிப் படுகை எரிந்தது.

உச்சி வெயிலில் இவ்வண்ணங்கள் வெளிறிப்போகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த கதிர்கள் படும்போதுதான் அவை ஒளிபெற்று விளங்கும். பள்ளங்களில் நிழல் நீளக் குன்றுகள் உருப்பெற்று நிற்கும். ஆதலால் படமெடுப்போர் வைகறையிலேயே எழுந்து காத்திருப்பர். காத்திருத்தலே இக்கலையின் முதற் பாடம்.

1883ஆம் ஆண்டில் ரூஸ்வெல்ட் இந்நிலத்திற்கு வந்தபோது அவருக்கு வயது 24. பைசன் என்னும் காட்டெருமையை வேட்டையாடவே அவர் வந்தார். கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்குகள் அதற்குள் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தன. பல நாள் அலைந்த பின்னரே அவருக்கு ஒன்று கிடைத்தது. அவ்வழிவைக் கண்ணாரக் கண்டவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானார். காடுகளையும் கானுயிர்களையும் காக்கப் பெருமுயற்சி செய்தார். அவர் நினைவாக 1947இல் இந்நிலம் காப்பிடமாக்கப்பட்டது. 1956இல் பைசன்கள் மீண்டும் இங்குக் கொணரப்பட்டன. 1978இல் இது தேசியப் பூங்கா என்னும் பெயர் பெற்றது.

இன்று அங்கு வருவோர் துப்பாக்கி ஏந்தி வருவதில்லை. படக்கருவி ஏந்தி வருகின்றனர். இது நல்ல மாற்றமே. ஆயினும் கருவி மாறியதனால் மட்டும் உள்ளம் மாறிவிட்டது என்று கொள்ளலாகாது. அண்மையிற் சென்றால்தான் படம் சிறக்கும் என்று எண்ணி, விலங்கை நெருங்குவோர் உளர். பைசனிடமிருந்து 25 கஜத் தொலைவேனும், அதாவது ஏறத்தாழ 23 மீட்டரேனும், விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. வளர்ந்த ஆண் பைசன் 900 கிலோகிராம் வரை எடையுள்ளது. ஆயினும் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் விரைவில் ஓட வல்லது. அது வாலை நிமிர்த்தினால், சினம் கொண்டது என்று உணர்ந்து விலகுதல் வேண்டும்.

விதி மனிதரைக் காப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அணில் இனத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாய் என்னும் சிற்றுயிர், அயலாரைக் கண்டதும் குரலெழுப்பித் தன் கூட்டத்தை எச்சரிக்கும். உடனே அனைத்தும் மேய்ச்சலை விட்டு வளைக்குள் புகும். ஒருவர் ஒரு படத்திற்காக முன்னேறுந்தோறும் ஒரு கூட்டமே தன் உணவை இழக்கிறது. உணவைக் காட்டி அவற்றை அழைப்பதும் தீங்கே. அவ்வுணவு அவற்றின் உடலுக்கு ஒவ்வாது.

அஞ்சி ஓடும் விலங்கின் படம் அதன் அச்சத்தைக் காட்டுமேயன்றி அதன் இயல்பைக் காட்டாது. தொலைவிலிருந்து எடுத்த படத்திலோ விலங்கு தன் புல்லோடும் குன்றோடும் வானோடும் ஒன்றி நிற்கும். தொலைநோக்கு வில்லை இருக்கும்போது கால்கள் நெருங்க வேண்டுவதில்லை. வில்லை இல்லாதவர் விலங்கைச் சிறிதாகவும் நிலத்தைப் பெரிதாகவும் காட்டலாம். அதுவும் உண்மையான படமே.

ஆதலின் ஒரு படத்தைப் போற்றுமுன், அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று வினவுதல் நன்று. படமெடுத்தவர் சென்ற பின்னும் பைசன் முன்போலவே மேய்ந்துகொண்டிருக்குமாயின், அப்படமே சிறந்தது. அவ்வேட்டையே கொல்லாத வேட்டை.