அக்காவோட மீதி 25

எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒரு பனியன் கம்பெனில பிளாட்லாக் டைலர். போன வாரம் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏங்கண்ணு, போர்டுல எனக்கு எபிஷியன்சி 75னு எழுதிப் போட்டிருக்காங்க. மீதி 25 எங்க போச்சு?"

பிசிக்ஸ் படிச்ச திமிர்ல "வெப்பமா போயிருக்கும்க்கா"ன்னு சொல்லிட்டேன். மொறைச்சாங்க :-) அப்புறம்தான் யோசிச்சேன். அக்கா கேட்டதுல நியாயம் இருக்கு.

25 கிலோ துணி ரோலை 4 மீட்டர் மேல மாடிக்கு ஏத்தறோம்னு வைங்க. வேலை 980 ஜூல். 10 செகண்டுல ஏத்தினா பவர் 98 வாட், 20 செகண்டுல ஏத்தினா 49 வாட். வேலை அதேதான், வேகம்தான் வேற. எபிஷியன்சி வேற விஷயம். போட்டதுல எவ்வளவு உருப்படியா திரும்பி வந்துச்சுங்கறது அது. அரை ஹெச்பி மோட்டார் தர்றது 373 வாட். அதோட எபிஷியன்சி 70 சதவீதம்னா, இழுக்கறது 533 வாட். மீதி 160 மோட்டார் சூடாகறதுல போயிடும்.

இப்ப கம்பெனி கணக்குக்கு வருவோம். ஒரு பீஸுக்கு அரை நிமிஷம்னா 8 மணி நேரத்துக்கு 960 பீஸ். அக்கா தைச்சது 720. அதான் 75. கைவேகமான டைலர் 1,056 தைச்சா 110 சதவீதம்! எந்த மோட்டாருக்காச்சும் 110 வருமா? வராது. ஏன்னா போர்டுல இருக்கறது எபிஷியன்சியே இல்லை, பவர். ஒரு நிர்ணயத்தோட ஒப்பிட்ட வேகம், அவ்வளவுதான்.

அந்த 25 வெப்பமா போகலை. பண்டல் வராம உட்கார்ந்தது, நூல் அறுந்தது, ஊசி மாத்தினது, கரண்ட் போனதுன்னு போச்சு. இதையெல்லாம் கழிக்காம அக்கா பேருக்கு நேரா எழுதறது என்ன நியாயம்?

இதுல வேடிக்கை, அதே மிஷின்ல பழைய கிளட்ச் மோட்டார் இருந்தா, பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் அது சும்மா சுத்திக்கிட்டே கரண்ட் குடிக்கும். அந்த நேரத்துல அதோட எபிஷியன்சி சுழி. அதுக்கு எந்த போர்டும் இல்லை. சர்வோ மோட்டார் போட்டா தைக்கும்போது மட்டும்தான் ஓடும்.

என் கருத்து இதுதான்: ஆளை அளக்கற போர்டுல "வேகம்"னு எழுதுங்க. எபிஷியன்சிங்கற வார்த்தையை மோட்டாருக்கும் பண்டல் அனுப்பற ஏற்பாட்டுக்கும் வச்சுக்குங்க.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். "அது சரி, இதை எங்க சூப்பர்வைசர்கிட்ட வந்து சொல்றியா?"ன்னாங்க. எஸ்கேப் ஆகி இங்க எழுதிட்டேன். கார்மென்ட்ஸ்ல இருக்கற பதிவர்கள் யாராச்சும் மறுத்துப் பேசறதுன்னா வாங்க :-)