சாம்பலுக்குத் தனி மை

திருநின்றவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏரிக்கரையையும், விடியற்காலை ஷிப்டுக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடுபவர்களையும் பல வருடங்களாகக் கறுப்பு-வெள்ளையில் எடுத்து வருபவர். அவற்றைத் தானே அச்சிட எந்த இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்கிறார். பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் அது. ஆனால் புகைப்படக்காரருக்குப் படம் கையில் வந்தாக வேண்டுமே!

கடையில் முதலில் எத்தனை டிபிஐ என்றுதான் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு, சாம்பல் நிற மை எத்தனை என்று கேளுங்கள். கல்யாண ஆல்பத்துக்கு ஸ்டூடியோக்கள் வைத்திருக்கும் ஆறு வண்ண டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலும் சாம்பல் மையே இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சளைக் கலந்துதான் அவை சாம்பலை உண்டாக்கும். அந்தப் படம் ஜன்னலோரம் பச்சை பாய்ந்தும் விளக்கடியில் சிவந்தும் தெரியும். ஊட்டியில் தயாரான ‘இந்து’ பேப்பரில் இருட்டறையில் அச்சிட்டுப் பழகிய மூத்த வாசகர்கள் இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்கள்.

சாம்பல் ஏன் அவ்வளவு முக்கியம்? 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்லும் எழுத்தும் ஒரே நிறம். வெட்டின் பள்ளத்தில் விழும் மெல்லிய நிழல்தான் எழுத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த நிழலின் படிகளை அச்சு விழுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் சுவர்.

2005-ல் எப்சன் கறுப்போடு இரண்டு வெளிர் கறுப்பு, அதாவது சாம்பல், மைகளையும் சேர்த்த கே3 வரிசையைக் கொண்டுவந்த பிறகு அந்தப் படிகளை வீட்டு அச்சிலேயே காப்பாற்றுவது எளிதானது. எப்சன் பி700 (13 அங்குலம்), பி900 (17 அங்குலம்), கேனன் ப்ரோ-1000 (17 அங்குலம்) மூன்றிலும் இரண்டு சாம்பல் மைகள் உண்டு. கேனன் ப்ரோ-300-ல் ஒன்றுதான். நான்குமே பிக்மென்ட் மை. டை மையைவிடப் பல மடங்கு காலம் மங்காமல் இருக்கும். மேட் காகிதத்துக்கு ஒரு கறுப்பு, பளபளப்புக்கு இன்னொரு கறுப்பு என இரண்டும் அவற்றில் இருக்கின்றன.

காகிதத்தில் கஞ்சம் வேண்டாம். பருத்திக் காகிதம் தொடுவதற்கே சுகம், ஆனால் அதில் கறுப்பு சற்று அடங்கித்தான் விழும். இருட்டறை அச்சின் ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் பரைட்டா காகிதம். கண்ணைப் பறிக்கும் வெள்ளைக் காகிதங்களில் வெண்மையேற்றும் ரசாயனம் இருக்கும். அது காலப்போக்கில் செயலிழந்து காகிதம் பழுப்பாகத் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த வாசகரிடம் ஒன்று கேட்க வேண்டும். வாரம் ஒரு படமாவது அச்சிடுவீர்களா? மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் பிக்மென்ட் மை நாசிலில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் விலை உயர்ந்த மை வீணாகும். நம் ஊர்த் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரிண்டரை அதன் சொந்த பட்டனில்தான் அணைக்க வேண்டும்; அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். அச்சிடும்போது கரண்ட் பட்டென்று போனால் அது திறந்தபடியே நிற்கும். அதனால் ஒரு யுபிஎஸ் அவசியம். எப்போதாவதுதான் அச்சிடுவீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். பிக்மென்ட் மையில் அச்சிடும் நல்ல லேபிடம் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் பெரிய அளவில், உயர்ந்த காகிதத்தில் போடலாம்.

வாங்குவதானால் உங்கள் படம் ஒன்றையே கடையில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் ஏறிய கருங்கல்லும் வெள்ளை வேட்டியும் ஒரே சட்டகத்தில் இருக்கும் படமாக இருந்தால் நல்லது. வெயிலிலும் விளக்கிலும் பிடித்துப் பாருங்கள்.

நீங்கள் அச்சிட்ட படங்களை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஆசையாகக் காத்திருக்கிறோம். சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். பின்பக்கம் மையும் காகிதமும் என்னவென்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்