ஊர் மலத்தை அள்ளுபவரின் மலத்தை யார் சோதிப்பது?

மலத்தில் ரத்தம் போவதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் 'மூலத்துக்கு' மாத்திரை வாங்கி விழுங்கியபடியே வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் நம் ஊர்களில் உண்டு. ஒருநாள் விடுப்பு என்றால் ஒருநாள் கூலி போச்சு. எண்டோஸ்கோபிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ பலமுறை அலைய வேண்டும். வலி தாங்காமல் போய்ச் சேரும்போது நோய் கல்லீரல்வரை பரவியிருக்கும். "விழிப்புணர்வு இல்லாத மக்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூலியும் நேரமும் இல்லாததை விழிப்புணர்வு இல்லாததாகக் காட்டுவது ஆதிக்கத்தின் பழைய தந்திரம்.

பெருங்குடல் புற்று திடீரென்று வருவதல்ல. குடலில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுகொண்டால் கொலோனோஸ்கோபி செய்யும்போதே வெட்டி எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் எளிய மலப் பரிசோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் அதற்கான பெட்டி அஞ்சலில் வீடு தேடி வருகிறது.

இரைப்பைப் புற்றின் முக்கியக் காரணி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. நெரிசலான வீடுகளிலும் சுகாதாரக் கேடான சூழலிலும் அது எளிதில் பரவுகிறது. 2022இல் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. யாருக்குச் சுத்தமான தண்ணீர், யாருக்கு நெரிசலான குடியிருப்பு என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், இரைப்பை நோயும் சாதிக்கு வெளியே இல்லை. சாக்கடை நாற்றத்தைச் சகிக்கக் குடிக்கிறார்கள். மதுவோ உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் புற்றுகளுக்குக் காரணம். அதை விற்பதும் அரசுதான்.

2016இல் ஒன்றிய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனை நெறிமுறையில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளே உள்ளன. இரைப்பையும் குடலும் அதில் இல்லை. பெருங்குடல் புற்று மேலை நாடுகளைவிட இங்கே குறைவு என்பது உண்மை. எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி என்று நாம் கேட்கவில்லை. அறிகுறியோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்கிறோம். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, தீராத ரத்தசோகை: இவற்றில் ஒன்றோடு வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கித் தர வேண்டும்.

தென்கொரியா 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது இலவசமாக முதலில் அழைத்தது அரசு மருத்துவ உதவி பெறும் ஏழைகளை. அதில் இரைப்பைப் புற்றும் இருந்தது. கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவதுதான் சமூகநீதி. அதை இங்கே தூய்மைப் பணியாளர்களிடமிருந்து தொடங்கலாம்: சம்பளத்துடன் பரிசோதனை நாள், பணியிடத்திலேயே மலப் பரிசோதனை, ஒப்பந்ததாரர் கையில் சிக்காத மருத்துவப் பதிவு.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். மருத்துவம் வளர்ந்துவிட்டது. ஆனால் மலம் என்றாலே முகம் சுளித்து, அதை ஒரு சாதியின் தலையில் கட்டிய சமூகம் இன்னும் மாறவில்லை. தோழர்களே, உங்கள் தெருவைப் பெருக்குபவரிடம் நாளை ஒரு நிமிடம் நின்று உடல்நலம் விசாரியுங்கள். பிறகு அவருடைய சங்கத்தோடு சேர்ந்து இந்தக் கோரிக்கையை மாநகராட்சி வாசலுக்குக் கொண்டு போங்கள்.