39 இரவு... 11 பாக்கி!

செம்பரம்பாக்கம் ஏரிக்கு முழு உயரம் 24 அடி. டிசம்பர் வந்தால் சென்னை மொத்தமும் அந்த நம்பரைத்தான் பார்க்கும். 2015 டிசம்பரை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா! ஆனா, பெங்களூர் ஹைவே ஓரத்து டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க அண்ணன் (பெரியம்மா பையன்) ஏரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. செல்போனில் வேற ஒரு நம்பரை முறைச்சுக்கிட்டிருந்தார். 39.

"இன்னும் பதினொண்ணுடா தம்பி. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பதினொரு நைட்டு."

நைட் ஷிஃப்ட் கணக்குன்னு நினைச்சேன். இல்லையாம். ஹோட்டல்ல தூங்குற கணக்காம்!

அண்ணன் கமிஷனிங் இன்ஜினீயர். கார் ஃபேக்டரிகளில் வெல்டிங் ரோபோ வரிசையை நிறுத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வேலை. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் ஒரகடம்னு சுத்தி எங்க பார்த்தாலும் ஃபேக்டரி. ஆனாலும் இவருக்கு வேலை வருவது என்னவோ சாக்கன், மானேசர், சனந்த்! அங்கிருந்து வருகிற இன்ஜினீயர்கள் ஸ்ரீபெரும்புதூரில் ரூம் போட்டுத் தூங்குகிறார்கள். பேசாம ஆளுக்கு ஆள் பாயை மாத்திக்கிட்டா கம்பெனிகளுக்கு எவ்வளவு மிச்சம்!

சரி, விஷயத்துக்கு வர்றேன். பெரிய ஹோட்டல் கம்பெனிகள் எல்லாம் அடிக்கடி வர்றவங்களுக்கு ஒரு பட்டம் கொடுக்குது. மேரியாட்டில் வருஷத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 தங்கினால் கோல்டு, 50 தங்கினால் பிளாட்டினம். பிளாட்டினம்னா பெரும்பாலான இடங்களில் காலை டிபன் இலவசம், இடம் இருந்தால் பெரிய ரூம், சாயங்காலம் 4 மணி வரை காலி பண்ணாமல் இருக்கலாம். இது வருஷா வருஷம் சம்பாதிக்க வேண்டிய பட்டம். ஒரு வருஷம் ஓடாவிட்டால் அடுத்து இறக்கிவிடுவார்கள்.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. லைஃப்டைம் பிளாட்டினம். மொத்தம் 600 இரவு, அதோடு 10 வருஷம் பிளாட்டினமாக இருந்திருக்கணும். இரண்டும் முடிந்தால் அப்புறம் ஓடவே வேண்டாம், பட்டம் சாகும் வரைக்கும் நம்முடையது. மத்தவங்க ரேட் இன்னும் காரம். ஹயாத்தில் லைஃப்டைம் குளோபலிஸ்ட் ஆக 10 லட்சம் அடிப்படைப் புள்ளிகள் வேண்டும். ஒரு டாலருக்கு 5 புள்ளி என்பதால் 2 லட்சம் டாலர் செலவழிக்கணும். அந்தக் காசில் நம்ம ஊர்ல ஹோட்டலையே... சரி விடுங்க.

அண்ணன் ஸ்கோர்: மொத்தம் 371 இரவு. பிளாட்டினம் வருஷங்கள் 6. இந்த வருஷம் பிராஜெக்ட் சீக்கிரம் முடிஞ்சதால 39-லேயே நின்னுபோச்சு. 11 பாக்கி. திட்டம் என்னன்னா, நம்ம காரிடாரிலேயே ஏதாவது ஒரு ஹோட்டலில் சொந்தக் காசு போட்டு 11 இரவு ரூம் எடுக்குறது! வெளிநாட்டில் இப்படிச் செய்றவங்களுக்குன்னு 'மேட்ரஸ் ரன்' என்று ஒரு பெயரே இருக்காம். மெத்தைக்காக ஓடுவது! வீடு இங்கே, அண்ணி இங்கே, மூன்று வயசுப் பாப்பா இங்கே, பத்து கிலோமீட்டர் தள்ளி அண்ணன் மட்டும் ஹோட்டலில்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லணும்டா..." என்று டீயை ஊதினார். ஆறிப்போன டீ அது.

நான் தேர்டு இயர் மெக்கானிக்கல். அரியர் விவரமெல்லாம் கேட்கப்படாது. கணக்குன்னு ஒன்று வந்தால் கை சும்மா இருக்காது. பஜ்ஜி மடிச்ச பேப்பரைப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். ஒரு இரவு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவிகிதம். ஆக 11 இரவுக்கு 57,750 ரூபாய். எங்க காலேஜ் ஹாஸ்டல் ஃபீஸ் ஞாபகம் வந்து கொஞ்சம் நெஞ்சு வலித்தது.

ஒரே ராத்திரியில் அஞ்சு ரூம் போட்டால் அஞ்சு இரவாக ஏறாதா என்று கேட்டேன். (குறுக்குப் புத்தி நமக்கு உடனே வந்துடும்ல!) ஏறாதாம். நாம் தூங்குகிற ரூமுக்கு மட்டும்தான் இரவுக் கணக்கு. மலிவா இருக்கேன்னு வேறு புக்கிங் சைட் வழியாகப் போட்டாலும் கணக்கில் சேராது. கம்பெனி கெஸ்ட் ஹவுஸ், சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் தங்கின ராத்திரியெல்லாம் வேஸ்ட். அண்ணன் அதை மட்டும் ஒரு எழுபது எண்பது ராத்திரி என்றார். அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த சோகத்தை அவர் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் விஷயம் மாட்டியது. நம்ம சிலபஸில் 'கிரிட்டிகல் பாத்'னு ஒரு பாடம் வரும்ல? ஒரு பிராஜெக்ட்டில் எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகுமோ அதைத்தான் வேகப்படுத்தணும், மத்ததை வேகப்படுத்தி ஒரு புண்ணியமும் இல்லை. அண்ணனுக்கு இரண்டு கணக்கு ஓடுது. ஒன்று வருஷம், இன்னொன்று இரவு. அவர் பயப்படுவது வருஷத்துக்காக. ஆனா நிஜமா இழுப்பது இரவு!

பாருங்க. 11 இரவைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்னு வைங்க. 382 ஆச்சு, பிளாட்டினம் வருஷம் 7 ஆச்சு. 10-க்கு இன்னும் 3 வருஷம்தான். ஆனா 600-க்கு இன்னும் 218 இரவு இருக்கே? மூணு வருஷத்தில் முடிக்கணும்னா வருஷத்துக்கு 73 இரவு. நல்லா ஓடின வருஷங்களிலேயே அவர் சராசரி 55. ஆக எப்படியும் 4 வருஷம் ஆகும். இப்போ 11 இரவை வாங்கலைன்னு வைங்க. பாக்கி 229. வருஷத்துக்கு 57, 58 போட்டால் அதே 4 வருஷம். 6-ம் 4-ம் 10. முடிஞ்சது! நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனா பழசு அழியாது. தொடர்ச்சியா 10 வருஷம் இருக்கணும்னு விதியே இல்லை. அப்ப 57,750 ரூபாய் எதுக்கு?

அண்ணன் பேப்பரை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். எண்ணெய்க் கறை நடுவில் 229 மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சது. "அட, ஆமாண்டா..." என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனா அவர் முகம் தெளியவில்லை.

ஏன்னா மேட்டர் 11 இரவு இல்லை. ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இப்போ வாங்குவதுதான். ஊர் சுத்தல் கிடையாது, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு மாசமா பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார். காரணம், "நாலே வருஷம்டா, ஓடிட்டா லைஃப்டைம். இப்ப விட்டா 371-ம் வீண்."

ஆயுசுக்கும் இலவச டிபன் வேணும்னு நாலு வருஷம் டிபனை வெளியூரில் சாப்பிடுவதா? அதைவிடுங்க, வேலை மாறினால் யாருக்கு வேண்டும் அந்தப் பட்டம்? வருஷத்தில் 50 ராத்திரி ஹோட்டலில் படுப்பவருக்குத்தான் அது காசு. வீட்டோடு இருக்கணும்னு ஆசைப்படுகிற ஆளுக்கு அது பர்ஸில் ஒரு அட்டை. எங்க குடும்பம் எல்லோரும் சேர்ந்து போவது திருச்செந்தூருக்கும் பழனிக்கும். தங்குவது கோயில் விடுதி, கிடைக்காவிட்டால் மாமாவுக்குத் தெரிஞ்ச லாட்ஜ். மாமாவே எங்களுக்கு லைஃப்டைம் பிளாட்டினம்!

இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாப் போச்சு.

"உனக்குத் தெரியாதுடா. எங்க அப்பா கான்ட்ராக்ட்ல பெயின்ட் அடிக்கப் போன மாதிரி ஹோட்டலுக்குத்தான் நான் போறேன். ரிசப்ஷன்ல ஐடி கார்டை நீட்டுறதுக்கு முன்னாடியே பேர் சொல்லி 'வெல்கம் பேக் சார்'ங்குறான். பிளாண்ட்ல அஞ்சு வயசு சின்னவன் என்னைப் பேர் சொல்லிக் கத்துறான். அங்க ஒரு இடத்துலதான் சார்."

இதுக்கு எந்த சிலபஸிலும் ஃபார்முலா இல்லை. பஜ்ஜி பேப்பரை மடிச்சு வச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு கேட்டேன். 'லைஃப்டைம்'னா யாரோட லைஃப்? எங்க அப்பாகிட்ட ஒரு லைஃப்டைம் சிம் இருந்தது. 2005 கடைசி, 2006 தொடக்கத்தில் செல்போன் கம்பெனிகள் 999 ரூபாய்க்கு 'ஆயுள் முழுக்க வேலிடிட்டி'ன்னு வித்ததே, அது. அப்புறம்தான் தெரிந்தது, ஆயுள் என்பது அப்பாவோட ஆயுள் இல்லை, கம்பெனி வைத்திருக்கிற லைசென்ஸோட ஆயுள்! 2018 நவம்பரில் 28 நாளைக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போடு, இல்லைன்னா கட் என்றார்கள். அதே 2018 பிப்ரவரியில் நம்ம ஊரில் மூலைக்கு மூலை இருந்த ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாடே சிக்னல் இல்லாமல் பரிதவித்தது.

ஹோட்டலும் அப்படித்தான். ஸ்டார்வுட்டில் லைஃப்டைம் பிளாட்டினத்துக்கு 500 இரவும் 10 வருஷமும் போதும். நம்ம கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் தங்கினால்கூட அந்தக் கணக்கில் ஏறின காலம் அது. 2016-ல் ஸ்டார்வுட்டை மேரியாட் வாங்கியது, 2018 ஆகஸ்டில் இரண்டு கிளப்பையும் ஒன்றாக்கியது, இலக்கு 600 ஆச்சு. அதுக்கும் மேலே இருந்த லைஃப்டைம் டைட்டானியத்துக்கு 2018-ஓடு கதவைச் சாத்திவிட்டார்கள். பாதி தூரம் ஓடியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அடையாறில் பார்க் ஷெரட்டனாக இருந்து, பிறகு வேறு கம்பெனியின் க்ரவுன் பிளாசாவாக மாறின ஹோட்டலோ 2023 டிசம்பரில் மூடப்பட்டது. இடம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயிடுச்சு. அந்தக் கட்டடத்துக்கு விசுவாசமா இருந்தவங்க எந்தக் கார்டை யாரிடம் நீட்டுவது?

பக்கத்தில் டீ ஆத்திக்கொண்டிருந்த கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏன் தம்பி அடையாறு வரைக்கும் போறீங்க? இங்க நோக்கியாவைப் பாக்கலையா?" என்றார். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி ஆரம்பித்து, 2014 நவம்பரில் மூடினார்கள். எட்டு வருஷம். அதை நம்பிக் கல்யாணம் கட்டியவர்கள், வீட்டு லோன் போட்டவர்கள் எத்தனை பேர் இந்த ரோட்டில்! கடைக்காரர் மச்சானும் அதில் ஒருத்தராம். இப்போ ஷேர் ஆட்டோ.

கிளம்பும்போது அண்ணன் செல்போனை வாங்கி நானே கொஞ்சம் நோண்டினேன். இரண்டு விஷயம் மாட்டியது. ஒன்று, 250 இரவும் 5 வருஷமும் முடித்திருந்தால் லைஃப்டைம் சில்வர். அதாவது அண்ணன் ஏற்கெனவே லைஃப்டைம் ஆள்தான்! "அதுல என்னடா தர்றான், எல்லாருக்கும் வைக்கிற தண்ணி பாட்டில்தான்" என்றார். சரி, லைஃப்டைம் கோல்டு? 400 இரவு, 7 வருஷம். இந்த வருஷம் 25-ஐத் தாண்டிவிட்டதால் வருஷக் கணக்கு சரியாப் போச்சு. வெறும் 29 இரவுதான் பாக்கி. 2023-ல் ஹெச்டிஎஃப்சி வங்கியும் மேரியாட்டும் சேர்ந்து அறிமுகப்படுத்திய கிரெடிட் கார்டில் வருஷத்துக்கு 10 இரவு சும்மாவே ஏறும். அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மூணு வருஷம் வீட்டில் பாப்பா பக்கத்தில் படுத்தபடியே கோல்டு! டிபன் கிடைக்காது. ஆனா மதியம் 2 மணி வரை தூங்கலாம், இடம் இருந்தால். நானா இருந்தா அதுக்குக்கூட 3,000 கொடுக்க மாட்டேன், அது வேற விஷயம்.

இன்னொன்று, புள்ளிகள். கம்பெனி காசில் தங்கித் தங்கி ஏகப்பட்டது சேர்ந்து கிடக்குது, ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. வேலை மாறினாலும் அது அவருடையதுதான். வச்சிருந்தா மதிப்பு குறையும். முன்னாடி எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளின்னு பட்டியல் இருந்தது, 2022-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போ ரேட் நாளுக்கு நாள் மாறும்.

"பெரியம்மா எப்பவாவது இந்த மாதிரி ஹோட்டலைப் பாத்திருக்காங்களாண்ணே?"

பதில் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் வந்தது. மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலி ஷெரட்டனில் இரண்டு நாள், புள்ளியிலேயே புக் பண்ணியாச்சு. பெரியப்பா, பெரியம்மா, அண்ணி, பாப்பா எல்லோரும். கூடவே இன்னொரு வரி: 'புள்ளியில தங்கினாலும் 2 நைட்டு கணக்குல ஏறும்டா. 41!'

திருந்தவே மாட்டார் போல. ஒரகடத்துக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லணும். என்ன சொல்லப்போறார்னு அண்ணிக்கே தெரியலையாம். பெரியம்மாவுக்கு இப்போ ஒரே ஒரு கவலைதான்: அங்க இட்லிக்கு வீட்டுப் பொடியை எடுத்துட்டுப் போனா விடுவாங்களா?