மூன்றாம் பக்கத்துக்கு ஆள் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் கிளை நூலக வாசகர் வட்டத்தின் வேண்டுகோள் இது.

நம் பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறார்கள். நான்கு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து வகுப்புக்கு இரண்டு பிரதி கொடுக்கிறார்கள். ஒன்று நூலகப் பலகைக்கு வருகிறது. விடுகதை, படம், கபடிச் செய்தி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் பக்கம்தான் ‘என் கருத்து’. அதற்குத்தான் உங்கள் துணை வேண்டும்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதி வந்தாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எதிலும் குறையில்லை. ஆனால் அதில் அவள் இல்லை, துணைநூல்தான் இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, கட்டுரை என்றால் இதுதான் என்று பரீட்சை சொல்லிக்கொடுத்திருக்கிறது. எங்களில் ஒருவர், “இது இருக்கட்டும் பாப்பா, இன்னிக்குக் காலையில உனக்கு எதுக்காவது கோவம் வந்துச்சா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பஸ் நிக்கல. கை காட்டினோம், பார்த்துக்கிட்டே போயிட்டாரு. பாஸ் பிள்ளைங்கன்னா அப்படித்தான்” என்றாள்.

கோபம் கிடைத்துவிட்டது, கட்டுரை இன்னும் கிடைக்கவில்லை. எத்தனை நாள் நிற்கவில்லை என்று கேட்டோம். “டெய்லி” என்றாள். நோட்டில் குறித்து வரச் சொன்னோம். பத்துப் பள்ளி நாளில் நான்கு நாள் என்று வந்தது, அவளுக்கே ஆச்சரியம். கண்டக்டரிடம் கேட்டாயா என்றோம். பயந்தாள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். முந்தின ஊரிலேயே படிக்கட்டு வரை நிறைந்துவிடுகிறது, தொங்குகிற பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்று கண்டக்டர் கேட்டாராம். அதையும் எழுதினாள். எழுத எழுத அவள் கருத்தே மாறியது. கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்தவள், காலையில் இன்னொரு பஸ் விட வேண்டும் என்று முடித்தாள். ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது.

கடைசியில் ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நின்றது: ‘மாணவர்களே நாட்டின் எதிர்காலத் தூண்கள்.’ “அப்பா சேர்க்கச் சொன்னாரு” என்றாள். அந்த அப்பாவின் ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் பெற்றோர்களே, உங்கள் வரியை அவர்கள் தாளில் எழுதாதீர்கள். எழுத்துப்பிழையைக் காட்டுங்கள், போதும். ‘நிக்கல’ என்று அவள் எழுதியதை ‘நிற்கவில்லை’ என்று மாற்றுவதா வேண்டாமா என்பதைக்கூட அவளே தீர்மானிக்கட்டும்.

பிள்ளைகளால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளி கைவிட்ட எட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் உட்கார்ந்து, புள்ளிவிவரம் திரட்டி, ஓர் ஆசிரியைக்கு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967-ல் புத்தகமாக வந்த அது தமிழிலும் கிடைக்கிறது. டெல்லியில் தெருவோரப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சேர்ந்து 2003 முதல் ‘பாலக்நாமா’ பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். அங்கே எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லும், எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொள்ளும். நம் பள்ளியிலும் பேச்சில் கெட்டி, எழுத்தில் தயங்குகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொடுக்க ஆள் தேவை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தமிழாசிரியை எத்தனை பேர் பக்கத்தில் உட்கார முடியும்?

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் நூலகத்துக்கு வாருங்கள். படித்தவராக இருக்க வேண்டியதில்லை. தையல்காரர், நர்ஸ், மெக்கானிக், யாராக இருந்தாலும் சரி. ‘உனக்கு எப்படித் தெரியும்?’, ‘அந்தப் பக்கத்து ஆள் என்ன சொல்வார்?’ என்று பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

அடுத்த இதழுக்கு வந்திருக்கும் தலைப்புகளையும் சொல்லிவிடுகிறோம். பி.டி. பீரியடை ஏன் கணக்குக்குக் கொடுக்கிறீர்கள்? பரீட்சை நேரத்தில் திருவிழா ஒலிபெருக்கி எதற்கு? வீட்டில் அண்ணன் ஏன் பாத்திரம் கழுவுவதில்லை? இதில் சிலது நம்மையே குத்தும். குத்தினால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள். அப்படி ஒரு போன் வந்தால் மூன்றாம் பக்கம் நின்றுவிடும். தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், அதைப் பெரியவர்கள் மதித்துக் கேட்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. உங்களுக்கு மறுப்பு இருந்தால் அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். அதையும் போடுவோம் என்று பிள்ளைகள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பஸ் கட்டுரையைப் பணிமனைக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் போட என்று, அடுத்த இதழின் மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் ஆறு வரிக்குக் கட்டம் போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்